கத்திரி வெயிலில் கம்பளிச் செருப்பு

கஃப்! கஃப்தாங்க எல்லாம்! சட்டைக் கையில் இருக்கிற கஃபைச் சொல்லலை, செருப்புக்குக் கஃப். கம்பளி நூலில் பின்னி, சுடுதண்ணியில் போட்டு அடிச்சுத் துவைச்சு, கெட்டியாக்கின வீட்டுச் செருப்பு ஒண்ணு இருக்கில்ல, ஃபெல்ட் செருப்புன்னு சொல்வாங்க, அதோட வாய் ஓரத்தில் ஊசி ஏத்தி, கணுக்காலைச் சுத்தி நாலு விரல் உயரத்துக்கு ஒரு பின்னல் பட்டை. அவ்வளவுதான் சமாச்சாரம். இந்த அவ்வளவுக்காக நான் ராத்தூக்கம் கெட்டு, பார்க்கிறவங்ககிட்ட எல்லாம் பேசிப் பேசி, டீக்கடையில் என் தலையைக் கண்டதும் ரெண்டு பேர் கிளாஸோட எந்திரிச்சு அடுத்த பெஞ்சுக்குப் போற நிலைமைக்கு வந்திருக்கேன். போகட்டும். நீங்க உட்காருங்க. உங்ககிட்ட இதைச் சொல்லாம எனக்கு இன்னைக்குச் சோறு இறங்காது.

முதல்ல நான் இருக்கிற இடத்தைச் சொல்லிடறேன், அப்பதான் இந்தக் கிறுக்கோட முழு அளவு புரியும். ஊர் சிவகாசி. காலண்டர் பைண்டிங்கில் கை தேஞ்சு, இப்போ வீட்டோட இருக்கேன். கத்திரி நேரத்தில் எங்க ஊர்த் தார் ரோட்டில் வெறுங்காலோட ரெண்டு எட்டு வைக்க முடியாது. மழை கம்மி, காத்தில் ஈரம் கம்மி. அந்த வறட்சியை நம்பித்தான் தீப்பெட்டித் தொழிலே இங்க வேர் பிடிச்சுது. 1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய் தொழிலைக் கத்துக்கிட்டு வந்து ஆரம்பிச்சாங்க. தீப்பெட்டிக்கு லேபிள் வேணும்னு அச்சு வந்துச்சு, பட்டாசு வந்துச்சு, அச்சோட காலண்டர் வந்துச்சு, காலண்டரோட என்னை மாதிரி ஆளுங்களும் வந்தோம். இப்படி வெயிலைத் தின்னு வளர்ந்த ஊரில் ஒருத்தன் ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்து கம்பளிச் செருப்பு பின்றான்னா? சிரிங்க, தாராளமா சிரிங்க. என் வீட்டுக்காரி இன்னும் சிரிச்சு முடிக்கலை.

பின்ன வச்சது மகள். கனடாவில் வின்னிபெக்கில் இருக்கா. தை மாசம் அங்க மைனஸ் 30 எல்லாம் சகஜம். வீட்டுக்குள்ள நுழையும்போது ஷூவைக் கழட்டிடணும், அந்த விஷயத்தில் அவங்க பழக்கமும் நம்ம பழக்கமும் ஒண்ணுதான். கழட்டினதும் தரை காலைக் கடிக்குதுப்பான்னு போனில் சொன்னா. கடையில் வாங்கிக்கோம்மான்னு சொல்லிட்டு நான் பேசாம இருந்திருக்கலாம். ஆனா எங்க அம்மா மிஷன் போர்டிங்கில் படிச்சவங்க. தெற்கத்தி மிஷன் பள்ளிக்கூடங்களில் அந்தக் காலத்தில் பெண்பிள்ளைகளுக்கு எழுத்தோட சேர்த்து ஊசி வேலையும் உண்டு. நாகர்கோவிலில் மார்த்தா மால்ட் அம்மா 1820-களில் லேஸ் பின்னக் கத்துக்கொடுத்தாங்க. அவங்க மகள் எலைசா கால்டுவெல் அய்யரைக் கட்டிக்கிட்டு இடையன்குடிக்குப் போய் அங்கேயும் அந்த வேலையைப் பரப்பினாங்க. அப்படி ஊருக்கு ஊர் பரவின ஊசி எங்க அம்மா கைக்கு வந்து, அவங்க கையில் இருந்து என் கைக்கும் வந்துடுச்சு. ஆம்பளைப் பையன் பின்றான்னு தெருவே வேடிக்கை பார்த்த கை இது. பார்த்தா பார்த்துட்டுப் போகட்டும், இப்போ பாருங்க, மகள் காலுக்கு உதவுது.

கம்பளி நூல் தேடிப் புறப்பட்டேனே, அது ஒரு தனிக் கூத்து. எங்க பக்கம் ஆட்டுக்கா பஞ்சம்? சாத்தூருக்குக் கிழக்கே போனா வேம்பூர், அந்த ஊர்ப் பேர்லயே ஓர் ஆட்டினம் இருக்கு, வெள்ளை உடம்பில் செம்பழுப்புத் திட்டு போட்ட பொட்டாடு, நாள் பூரா பார்த்துக்கிட்டே இருக்கலாம். ஆனா அது உடம்பில் இருக்கிறது முடி, கம்பளி இல்லை. ராமநாதபுரம் வெள்ளையாடும் அதே கதைதான். கம்பளிக்குன்னு நீலகிரி ஆடு இருக்கு, ஊட்டிப் பக்கம் சாண்டிநல்லாவில் ஆராய்ச்சி நிலையம் வச்சு அந்த இனத்தைக் காப்பாத்திட்டு வர்றாங்க, அது மலை மேல. நூலுக்கு ராஜபாளையம் இருக்கேன்னு கேப்பீங்க. 1936-லேயே பி.ஏ.சி. ராமசாமி ராஜா மில் தொடங்கின ஊராச்சே! ஆனா அது பருத்தி. பருத்தியைச் சுடுதண்ணியில் போட்டு நாளெல்லாம் அடிச்சாலும் ஃபெல்ட் ஆகாது. கடையில் போய் உல்லன் நூல்னு கேட்டா கலர் கலரா எடுத்துப் போடறாங்க, பெரும்பாலும் அக்ரிலிக்.

அசல் எது, அக்ரிலிக் எதுன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? சிவகாசிக்காரன்கிட்டயா கேக்கறீங்க! நூலில் ஒரு துண்டை வெட்டி இடுக்கியில் பிடிங்க, நம்ம ஊர்த் தீக்குச்சியைக் கிழிங்க, காட்டுங்க. அக்ரிலிக்னா குப்புனு பத்தி உருகும், ஆறினதும் நுனியில் கெட்டியா ஒரு கறுப்பு மணி நிக்கும், நகத்தால் கீறினாலும் உடையாது. அசல் கம்பளின்னா வேண்டா வெறுப்பா எரியும், குச்சியை விலக்கினதும் தானா அணையும், தலைமுடி பொசுங்கின நாத்தம் அடிக்கும், ரெண்டு விரலில் நசுக்கினா கரிப்பொடியா உதிரும். பருத்தி 255 டிகிரி வாக்கில் தீப்பிடிச்சிடும், கம்பளிக்கு 570-ஐத் தாண்டணும். யோசிச்சுப் பாருங்க, நெருப்பை வச்சே பொழைக்கிற ஊரில் நெருப்புக்கு முகத்தைத் திருப்பிக்கிற ஒரு நூல்! அந்தச் சின்னத் தீ அணைஞ்ச நொடியிலேயே நான் விழுந்துட்டேன்.

கடைசியில் மகளே லீவுக்கு வரும்போது பெட்டியில் சாம்பல் கலர் உருண்டைகளை அடைச்சுக் கொண்டுவந்தா. "சூப்பர்வாஷ்னு லேபிள்ல இருந்தா வாங்கிடாதம்மா"ன்னு படிச்சுப் படிச்சுச் சொல்லியிருந்தேன். மெஷினில் துவைச்சாலும் சுருங்காம இருக்கிறதுக்காக மருந்து ஏத்தின நூல் அது. சுருங்க மாட்டேன்னு சத்தியம் பண்ணின நூல் நமக்கு எதுக்கு? அப்படியும் கலர் நல்லா இருக்குன்னு ஓர் உருண்டை சூப்பர்வாஷ் கலந்துதான் வந்துச்சு. சம்பா வத்தல் சிவப்பு. ஓரமா எறிஞ்சு வச்சேன். அந்தச் சிவப்பு உருண்டையை ஞாபகத்தில் வச்சுக்கோங்க.

பின்ற அளவைக் கேட்டா பயந்துடுவீங்க. நூல் இரட்டை, ஊசி 9 மில்லிமீட்டர் கனம், கண்ணிகளுக்கு நடுவில் விரல் போற அளவுக்குத் தளர்வான பின்னல். சுருங்கும்போது அகலத்தைவிட நீளம்தான் அதிகமா உள்ளே போகும், அதனால் முதலிலேயே நீளத்தைத் தாராளமா விட்டுடணும். ஜோடியைப் பின்னி முடிச்சுத் திண்ணையில் வச்சேன். எங்க மதினி, அண்ணன் சம்சாரம், கறிவேப்பிலை கேட்டு வந்தவங்க வாசப்படியிலேயே நின்னுட்டாங்க.

"என்ன தம்பி இது, ஆண்டாள் கோயில் யானைக்கா?"

"இல்ல மதினி, நம்ம பாப்பாவுக்கு."

"அங்க போய் அவ்வளவு பெருத்துட்டாளா?"

சிரிங்க மதினி, சிரிங்க. நாளைக்குக் கொல்லைப்பக்கம் வாங்கன்னு சொல்லிட்டேன்.

இப்ப வருது பாருங்க. கொல்லையில் துவைகல். தண்ணி வர்ற நாள் பார்த்துப் பிடிச்சு வச்சு, அடுப்பில் ஏத்தி, கை பொறுக்கிற சூட்டுக்கு ஒரு படி மேலே கொண்டுபோய், ரப்பர் கிளவுஸ் மாட்டிக்கிட்டு நிக்கிறேன். பார் சோப்பைச் சீவிப் போட்டுக் கரைச்சாச்சு. அந்தத் தொளதொளப்பை முக்கி எடுத்து, கல்லில் போட்டு, முன்னுக்கும் பின்னுக்கும் உருட்டித் தேய்க்கிறேன், மறுபடி முக்குறேன், மறுபடி தேய்க்கிறேன். முதலில் ஒண்ணுமே நடக்காது. தண்ணி குடிச்சு இன்னும் பெருசாத்தான் தொங்கும், பார்த்தா வயித்தைக் கலக்கும். விடாதீங்க, தேயுங்க! கம்பளி இழையோட மேல்தோல் செதில் செதிலா இருக்கும். சூடும் சோப்பும் பட்டதும் செதில் தூக்கிக்கும். தேய்க்கத் தேய்க்க ஒவ்வோர் இழையும் ஒரே பக்கமா ஊர்ந்து பக்கத்து இழைக்குள்ள புகுந்துக்கும். செதில் மாட்டிக்கிறதால் புகுந்தது திரும்பி வராது. இது படிச்சுத் தெரிஞ்சுக்கிட்டது. ஆனா உள்ளங்கைக்குத் தெரியிற நொடி ஒண்ணு இருக்கு பாருங்க, இதுவரைக்கும் வழுக்கிக்கிட்டிருந்த துணி திடீர்னு கையைப் பிடிக்கும், கண்ணி மறையும், ஓட்டை அடையும், என் கைக்குள்ளேயே அது கெட்டியாகுது, குட்டியாகுது, நான் "மதினி, மதினி, ஓடி வாங்க, ஆகுது, ஆகுது"ன்னு கத்தறேன், பக்கத்து வீட்டு மாடியில் வடாம் காயப்போட்டுக்கிட்டிருந்தவங்க என்னமோ ஏதோன்னு எட்டிப் பார்க்கிறாங்க, எனக்கு வெட்கம் மானம் ஒண்ணும் இல்லை, சோப்பு நுரை முழங்கை வரைக்கும், வேர்வை மூக்கு நுனியில் சொட்டுது, கையில் ஒரு மனுஷக் கால் அளவுக்கு, என் மகள் கால் அளவுக்கு, ஒரு செருப்பு!

வாஷிங் மெஷினில் போட்டுட்டு டீ குடிக்கப் போறவங்களும் உண்டு. பாவம் அவங்க. அல்தாய் மலையில் பாசிரிக் கல்லறைகளைத் தோண்டினப்போ பனியில் உறைஞ்சு கெடாம ஃபெல்ட் காலுறை கிடைச்சிருக்கு, 2,000 வருஷத்துக்கும் மேல பழசு, இப்போ ரஷ்யாவில் ஹெர்மிடேஜ் மியூசியத்தில் இருக்கு. மெஷின் இல்லாம, கையால் உருட்டிச் செய்தது. அந்த ஊர்க் குதிரைக்காரங்களும் சிவகாசித் துவைகல்லில் நானும் செய்தது ஒரே வேலைதான்னு நினைச்சதும் எனக்கு நெஞ்சு விம்மிப்போச்சு, அன்னைக்கு மூணு இட்லி கூட உள்ளே போச்சு.

காயப்போடற விஷயத்தில் எங்க ஊரை அடிச்சுக்க ஆளே இல்லை. உள்ளே தாளைக் கசக்கித் திணிச்சு வடிவம் பிடிக்கணும். அச்சுப்பட்ட காலண்டர் தாள் ஆகாது, மை ஒட்டிடும். ஓரம் வெட்டி விழுந்த வெள்ளைத் தாள்தான் சரி, அதுக்கா எங்க ஊரில் குறைச்சல்? வின்னிபெக் மாதிரி ஊரில் ஃபெல்ட் காய ரெண்டு நாள் ஆகும்னு மகள் சொல்றா. இங்கே நிழலில் வச்சேன், காலையில் வச்சது சாயங்காலம் தட்டினா டொக்குனு சத்தம் வருது. தீக்குச்சியைக் காய வச்ச காத்துக்குச் செருப்பு எம்மாத்திரம்!

ஆனா காய்ஞ்சதும் பார்த்தா வாய் பிளந்து நிக்குது. இது ஃபெல்ட்டோட குணம், செருப்பைக் குறை சொல்ல மாட்டேன். ஃபெல்ட்டுக்கு இழுவை கிடையாது. இறுக்கி வச்சா கால் நுழையாது. நுழையிற அளவுக்கு வச்சா நடக்கும்போது குதிகால் கழண்டு சப் சப்புனு அடிக்கும், கணுக்கால் சில்லுனு வெளியில் நிக்கும். கஃப் வர்ற இடம் இதுதான்! செருப்போட சேர்த்து முதலிலேயே பின்னிட்டா அதுவும் சுடுதண்ணியில் கெட்டியாகி இழுவை போயிடும். அதனால் எல்லாம் சுருங்கி, காய்ஞ்சு, கால் அளவு முடிவான பிறகுதான் கஃபைப் பின்னணும். அதுக்கு எந்த நூல் வேணும் சொல்லுங்க? சுருங்கவே சுருங்காத நூல்! ஓரமா எறிஞ்சு கிடந்த அந்த சம்பா வத்தல் சிவப்பு! எந்திரிச்சு ஓடினேன் பாருங்க, நிலைப்படியில் கால் இடிச்சது கூட ராத்திரிதான் தெரிஞ்சுது.

குளிர் நாட்டுக்காரங்களுக்கு இந்த ருசி எப்பவோ தெரியும். ஸ்வீடனில் லோவிக்கான்னு ஒரு கிராமம், அங்கே எரிகா ஐட்டமான்னு ஒரு அம்மா 1892-ல் பின்ன ஆரம்பிச்ச கையுறை இன்னைக்கும் பேர் போனது. கம்பளியில் பின்னி, துவைச்சு மெத்துன்னு ஆக்கி, மணிக்கட்டில் மடிச்சுவிட்ட கஃபில் கலர் நூலில் பூவேலை. நம்ம நாட்டிலேயே இமாச்சலத்து லாஹௌல் பெண்கள் பின்ற காலுறைக்கும் கையுறைக்கும் புவிசார் குறியீடு கொடுத்திருக்காங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு உள்ள மரியாதை அங்கே ஒரு ஜோடி சாக்ஸுக்கு! கேக்கவே எவ்வளவு நல்லா இருக்கு.

சரி, வேலைக்கு வாங்க. கெட்டியான ஃபெல்ட்டில் கண்ணி ஏத்தறது லேசில்லை. இரட்டை நூல் சுருங்கி அரை விரல் கனத்துக்கு நிக்குது, மொட்டை முனை ஊசி அதில் நுழையவே நுழையாது. உலகமெல்லாம் பின்றவங்க தவிக்கிற இடம் இது. நான் தவிக்கலை. ஏன்னா என் டப்பாவில் குத்தூசி இருக்கு! கணக்கு நோட்டும் பேரேடும் தைக்கிறதுக்குக் காலமெல்லாம் ஓட்டை போட்ட குத்தூசி, மரப்பிடி என் உள்ளங்கைப் பள்ளத்துக்குத் தோதாத் தேஞ்சு பளபளன்னு இருக்கு. விளிம்பில் இருந்து அரை சென்டிமீட்டர் கீழே சாக்பீஸில் ஒரு கோடு. கோட்டு மேல அரை சென்டிமீட்டருக்கு ஒரு புள்ளி. வாய்ச் சுத்து 28 சென்டிமீட்டர், ஆக 56 புள்ளி. நாலால் வகுபடணும், ஏன்னு அப்புறம் சொல்றேன். உள்பக்கம் ஒரு கட்டையை முட்டுக் கொடுத்து, புள்ளியில் முனையை வச்சு ஒரு திருகு. நூல் அறுபடாது, இழையை விலக்கிக்கிட்டு உள்ளே போகும். குத்தூசியை எடுத்த வேகத்தில் குரோஷே ஊசியை வெளியில் இருந்து உள்ளே விட்டு, உள்பக்கம் காத்திருக்கிற சிவப்பு நூலைக் கொக்கியில் மாட்டி இழுக்கணும். அப்போ சாம்பல் நிறத்தைத் துளைச்சுக்கிட்டு ஒரு சிவப்புக் கண்ணி தலையை நீட்டும் பாருங்க! அதை ஊசியில் கோத்துட்டு அடுத்த புள்ளி. அடுத்த சிவப்பு. அடுத்தது. விளிம்பு பூரா சிவப்புக் கண்ணி வரிசை கட்டி நிக்கும்போது நான் விசில் அடிச்சுட்டேன், இந்த வயசில்.

பாதி வட்டம் ஏத்தும்போதே மதினி பொறுக்க முடியாம பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாச்சு. மதினியைப் பத்திச் சொல்லியே ஆகணும். பட்டாசு ஆலையில் சரம் பின்னினவங்க. வெடிகளோட திரியைச் சேர்த்துப் பின்னி ஆயிரம் வாலா, பத்தாயிரம் வாலான்னு நீட்டிக்கிட்டே போற வேலை. கண் வேற எங்கேயோ இருக்கும், வாய் ஊர்க்கதை பேசும், விரல் பாட்டுக்கு ஓடும். 2018 அக்டோபர் 23-ல் உச்ச நீதிமன்றம் சரவெடிக்குத் தடை போட்டதும் அந்த வேலை போச்சு, வேலை போனாலும் விரல் போகலை. ஆலையில் மருந்து அறைக்குள்ள வெறுங்காலோடதான் போகணும், வாசலில் செப்புத் தகட்டைத் தொட்டுட்டுத்தான் நுழையணும், பருத்திச் சேலைதான் கட்டணும், உரசலில் பொறி வந்துடக் கூடாதுன்னு அத்தனை பத்தியம். வெறுங்காலோடவே உழைச்ச அந்த அம்மா செருப்பைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாங்க.

"இதைப் போட்டுக்கிட்டு மருந்து ரூமுக்குள்ள போனா ஃபோர்மேன் விரட்டி விரட்டி அடிப்பாரு தம்பி."

"வின்னிபெக்ல மருந்து ரூம் இல்ல மதினி."

"குடுங்க, நான் ஒரு சுத்து போடறேன்."

ரெண்டு கண்ணி நேரா, ரெண்டு கண்ணி புரட்டி, திரும்ப ரெண்டு நேரா, ரெண்டு புரட்டி. இதுக்குத்தான் நாலால் வகுபடணும்னு சொன்னேன். நேர்க் கண்ணி முன்னுக்கு வரும், புரட்டின கண்ணி பின்னுக்குப் போகும், துணி தானா மடிப்பு மடிப்பாச் சுருங்கி நிக்கும், இழுத்தா விரியும், விட்டா சுருங்கும். டீ ஆறுறதுக்குள்ள மதினி பிடிச்சுக்கிட்டாங்க. நான் போட்ட சுத்தையும் அவங்க போட்ட சுத்தையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தா எனக்கே பொறாமை, ஒரு கண்ணி பெருசு ஒரு கண்ணி சிறுசுன்னு இல்லை, அச்சடிச்ச வரி. ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு செருப்பை எடுத்துக்கிட்டோம். கரண்ட் போச்சு, அவங்க கை நிக்கலை. கடைசிச் சுத்தை முடிக்கிறதுக்கு மட்டும் நான் வாங்கிக்கிட்டேன். சாதாரணமா முடிச்சா வாய் இறுகிடும், குதிகால் நுழையாது. ஜெனி ஸ்டைமன்னு ஒரு அம்மா 2009-ல் வெளியிட்ட முறை இருக்கு, ஒவ்வொரு கண்ணிக்கும் முன்னால் நூலை ஊசியில் ஒரு தடவை சுத்தி, சுத்தையும் கண்ணியையும் சேர்த்து முடிக்கிறது, ரப்பர் போட்ட கணக்கா நீளும். அந்த அம்மா சிவகாசிப் பக்கம் வந்தா வீட்டில் விருந்து.

இப்ப கண்ணை மூடிக்கோங்க. நல்லா மூடிக்கோங்க. வெளியில் சித்திரை வெயில், மத்தியானம் ரெண்டு மணி, தெருவில் நாய் கூட இல்லை. கூடத்தில் நான், மேலே ஃபேன், தரையில் சாம்பல் செருப்பு ரெண்டு, சிவப்புக் கஃப் ரெண்டு. மகள் காலுக்குச் செய்தது என் காலுக்குச் சேராதுன்னு தெரியும், தெரிஞ்சும் விடுமா ஆசை? விரல் நுழையும்போது ஃபெல்ட்டோட உள்பக்கம் சொரசொரன்னு ஆரம்பிச்சு மெத்துன்னு முடியுது, குதிகால் கஃபுக்கிட்ட வந்து ஒரு நொடி நிக்குது, இழுக்கிறேன், அந்த ரெண்டு நேர் ரெண்டு புரட்டு அப்படியே வாயைத் திறக்குது, திறந்து காலை உள்ளே விட்டுட்டு, சட்டுன்னு மூடிக் கணுக்காலைப் பிடிச்சுக்குது, இறுக்கலை, வலிக்கலை, பிடிச்சுக்குது, குட்டிப் பையன் காலைக் கட்டிக்கிட்டு விட மாட்டேங்கிற பிடி, எந்திரிச்சேன், நடந்தேன், சப் சப்புனு ஒரு சத்தம் வரணுமே, வரலை, குதிகால் கழலலை, ஓடினேன், கழலலை, குதிச்சேன், கழலலை, வீட்டுக்காரி அடுப்படியில் இருந்து வந்து "ஏங்க, புழுங்கிச் சாகப் போறீங்க, கழட்டுங்க"ன்னு கத்தறா, நான் கேக்கற நிலைமையில் இல்லை, கூடத்துக்கும் வாசலுக்கும், வாசலுக்கும் கூடத்துக்கும் நடக்கிறேன், கால் வேர்க்குதா வேர்க்கட்டும், கம்பளி தன் எடையில் மூணில் ஒரு பங்கு ஈரத்தைக் குடிச்சுட்டுத் தொட்டா நனைஞ்ச மாதிரியே காட்டாது, அதையும் அவகிட்ட விளக்கமாச் சொல்றேன், அவ தலையில் அடிச்சுக்கிட்டுப் போறா, மதினி வாயில் முந்தானையை வச்சுக்கிட்டுச் சிரிக்கிறாங்க, எனக்கு மட்டும் அந்த நிமிஷம் கூடத்துக்குள்ள பனி கொட்டுது, பனி!

குறையே இல்லையான்னு கேப்பீங்க. வழவழப்பான டைல்ஸில் கொஞ்சம் வழுக்கும்தான். பழைய சைக்கிள் டியூபை வட்டமா வெட்டி அடியில் ரெண்டு இடத்தில் தச்சுட்டேன், முடிஞ்சுது. கஃபைக் கழுவும்போது செருப்பும் நனையுது, மறுபடி சுருங்கிடாதான்னு ஒருத்தர் கேட்டார். பச்சைத்தண்ணியில் தேய்க்காம அலசினா போதும். வெயில் ஊரில் யார் போடுவாங்கன்னு இன்னொருத்தர். அவருக்காகத்தான் அடுத்த சேதி.

என் அண்ணன் மகன் ஒரு ஆப்செட் அச்சகத்தில் டிசைன் பிரிவில் இருக்கான். ஆடிப் பதினெட்டுக்குப் புதுக் காலண்டர் ஆல்பம் போடணும், அதுக்கு முன்னாடி மாசக்கணக்கா ராத்திரி பகல் வேலை, கம்ப்யூட்டர் இருக்கிற ரூமில் ஏசி எப்பவும் விறைக்கும், செருப்பை வெளியில் விட்டுட்டுத்தான் உள்ளே போகணும். அவன் ஒரு ஜோடி கேட்டான். பச்சைக் கஃப் வச்சுக் கொடுத்தேன். மறுவாரம் அவன் பக்கத்து சீட், அதுக்கடுத்து அந்த வரிசையே. இப்போ அந்த ரூமில் மேஜைக்கு அடியில் குனிஞ்சு பார்த்தா ராக்கெட் லேபிள் கலரெல்லாம் கால்களில் இருக்கு, மஞ்சள் கஃப், ரோஸ் கஃப், ரெண்டு கலர் வரி போட்ட கஃப், மடிச்சு விடற உயரக் கஃப். நூல் மகள்கிட்ட இருந்து பார்சலில் வருது, கஃப் எல்லாம் மதினி கை. ஜோடிக்குக் கூலி பேசித்தான் வாங்கிக்கிறாங்க, சரத்துக்குக் கிடைச்சதைவிட நல்ல கூலின்னு அவங்களே சொல்றாங்க.

மகளுக்குப் போன ஜோடி சேர்ந்ததும் போட்டுக்கிட்டு வீடியோவில் காலைத் தூக்கிக் காட்டினா. நான் முகத்தைப் பார்க்கவே இல்லை, "கஃபைக் காட்டு, கஃபைக் காட்டு, கிட்டக் கொண்டா"ன்னுதான் கேட்டிருக்கேன், அப்புறம் வீட்டுக்காரி திட்டினா.

குளிர் ஊரில் பிள்ளைகள் இருக்கிறவங்க, ஏசியில் கால் விறைக்க வேலை பார்க்கிறவங்க, கொடைக்கானலில் அத்தை வீடு இருக்கிறவங்க, யாராயிருந்தாலும் சரி, ஆரம்பிச்சுடுங்க. ஒரு ஜோடிக்குக் கால் கிலோ அசல் கம்பளி போதும், கஃபுக்குச் சுருங்காத நூல் 50 கிராம். வாங்கும்போது தீக்குச்சியைக் கிழிச்சுப் பார்த்து வாங்குங்க, கடைக்கு வெளியில் வந்து கிழிங்க. குத்தூசி கிடைக்கலைன்னா சிவகாசிக்கு வாங்க, பைண்டிங் சாமான் விக்கிற கடைக்கு நானே கூட்டிட்டுப் போறேன். கஃப் போடாம மட்டும் செருப்பை முடிச்சிடாதீங்க.